தூக்கத்துக்கு ஒரு ரிலீவர்

சிங்காரவேல் தன் ஐம்பத்தாறு வயதுக்குள் மூன்று சபதங்கள் செய்திருக்கிறார். முதல் சபதம், இனிமேல் சீட்டாடுவதில்லை என்பது. அது அடுத்த தீபாவளி வரைக்கும் தாக்குப்பிடித்தது. இரண்டாவது, மச்சான் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்பது. மச்சான் வீட்டில் கிடா வெட்டிய அன்று அது காலமாயிற்று. மூன்றாவதை ஒரு திங்கட்கிழமைக் காலையில், இட்லித் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குவார்ட்டர்ஸ் பிளாக் முழுவதும் கேட்கும்படி செய்தார்.

"எவன் வந்து சொன்னாலும் சரி. அந்தக் கொழாய என் மூஞ்சில நான் மாட்ட மாட்டன். மாட்ட மாட்டன்னா மாட்ட மாட்டன்!"

பிளாக்கில் அதைக் காதில் வாங்கியவர் ஒரே ஒருத்தர்தான். அவர் மனைவி ஆதிலட்சுமி.

"இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுங்களா?" என்றாள் அவள்.

சிங்காரவேலுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆப்பரேட்டர் வேலை. இருபத்தெட்டு வருட சர்வீஸ். பர்மனென்ட். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. தூக்கத்தில்தான் கோளாறு. அவர் குறட்டை விடுவார். விடுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் பகலில் தூங்கும் நாட்களில் பிளாக்குக்குப் புதிதாக வரும் கேஸ் சிலிண்டர்க்காரருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவார். இத்தனை பேர் கேட்ட குறட்டையைச் சிங்காரவேல் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் காதால் கேட்காத ஒன்றை அவர் எப்படி ஒத்துக்கொள்வார்?

பொங்கலுக்கு வந்திருந்த மகள் காயத்ரி அதை ஒத்துக்கொள்ள வைத்தாள். அப்பா தூங்கும்போது போனில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினாள். "எந்த மாடு இது?" என்று கேட்டார் அவர். மறுநாளே புதுச்சேரிக்கு அழைத்துப் போய், உடம்பெல்லாம் ஒயர் சுற்றி, ஒரு ராத்திரி படுக்க வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நின்று நின்று போகிறது என்றார் டாக்டர். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு மெஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், மூச்சும் நிற்காது, குறட்டையும் வராது என்றும் சொன்னார்.

கல்யாணமாகிச் சென்னையில் இருக்கும் காயத்ரிக்கு ஐ.டி. வேலை. அந்தக் கம்பெனி போட்டுக்கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸில் அப்பா அம்மாவும் உண்டு. எதைக் கேட்டாலும் "அது கவர் ஆகாது" என்று சொல்லியே பழகிய இன்சூரன்ஸ்காரர்கள், சிங்காரவேலின் போறாத காலம், இந்த மெஷினை மட்டும் கவர் ஆகும் என்றுவிட்டார்கள்.

மெஷினைக் கொண்டுவந்து வைத்த ஆள் விளக்கமாகச் சொன்னான்.

"உள்ளயே சிம் கார்டு இருக்கு சார். நீங்க எத்தனை மணி நேரம் போட்டீங்க, மூச்சு எத்தனை தடவை நின்னுச்சு, குறட்டை வந்துச்சா, காத்து லீக் ஆச்சா, எல்லாத்தையும் அதுவே இன்சூரன்ஸுக்கு அனுப்பிடும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது போடணும். பத்து நாள்ல ஏழு நாளாவது போடணும். தொண்ணூறு நாள் ஒழுங்கா ஓட்டிட்டீங்கன்னா மெஷின் உங்களுக்கு. புது மாஸ்க், டியூப், ஃபில்டர் எல்லாம் அப்பப்ப வீட்டுக்கே வரும்."

"ஓட்டலன்னா?"

"மெஷினை எடுத்துட்டுப் போயிடுவோம். திரும்பக் கேட்டாலும் கிடைக்காது."

சிங்காரவேலுக்கு வந்த பொருளை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் கிடையாது. கம்பெனி கொடுத்த ஹெல்மெட், கண்ணாடி, தூசி மாஸ்க் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கி லாக்கரில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பவர். கொடுத்ததைப் போட்டுக்கொள்ளவும் வேண்டும் என்பதுதான் அவருக்குப் புதிது. அந்த ராத்திரி ஆதிலட்சுமிக்காக மாட்டிப் பார்த்தார். பதினோரு நிமிடம் தாங்கினார். காலையில்தான் மேற்படி சபதம்.

கூட இரண்டு இட்லி வைத்துவிட்டு ஆதிலட்சுமி எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த மெஷினு திரும்பிப் போச்சுன்னா, பின்னாடியே நானும் கெளம்பிடுவேன்."

"எங்க?"

"சென்னைக்கு. காயத்ரி வூட்ல ஒரு ரூம் சும்மாதான் இருக்குது. கதவச் சாத்திகினு நிம்மதியா தூங்குவேன்."

"அப்ப எனக்குச் சோறு?"

"அதான் கேன்டீன் இருக்குதே."

சிங்காரவேலின் கை சட்னியில் நின்றது. கேன்டீன் சாம்பாரை அவர் இருபத்தெட்டு வருடமாக அறிவார்.

"ஒரு கொறட்டைக்காவ புருசன வுட்டுட்டுப் போவியா நீ?"

"கொறட்டைக்கு இல்லீங்க." ஆதிலட்சுமியின் குரல் இறங்கியது. "கொறட்ட கேட்டுகினு இருந்தா நான் தூங்கிடுவேன். அது நின்னுபோவும் பாருங்க, அப்பத்தான் முழிப்பு வந்துடும். மூச்சே இருக்காது. நான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... இருவத்தாறு வரைக்கும் எண்ணியிருக்கேன். அப்பறம் செருமிகினு மூச்ச இழுப்பீங்க. அதுக்கப்பறந்தான் எனக்கு உசுரே வரும். பதினஞ்சு வருசமா ராவுல எண்ணிகினு கெடக்கறேன். உங்களுக்கு எங்க தெரியும்?"

சிங்காரவேலுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே செய்தது. முழுதாக அரை நிமிடம் செய்தது. அதற்குள் இட்லி ஆறிப்போகவே, மாஸ்க்கையும் மாட்டாமல் மனைவியையும் அனுப்பாமல் இருக்க என்ன வழி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் அவர் தலையணையை நம்பினார். அன்று மத்தியானம் ஆதிலட்சுமி பஜாருக்குப் போன நேரம் பார்த்து, மாஸ்க்கைத் தலையணைக்கு மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, மெஷினைப் போட்டுவிட்டு டி.வி. பார்த்தார். நாலு மணி நேரம் முடிந்ததும் போன் வந்தது. இன்சூரன்ஸ் உதவி மையத்துப் பெண்.

"சார், நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா. ஏன்?"

"நாலு மணி நேரமா நீங்க மூச்சே விடலைன்னு காட்டுது சார்."

"விட்டேனே. நான் எப்பவும் மெதுவாத்தாம்மா விடுவேன்."

"ஒரு தடவைகூட விடலையே சார். ஆம்புலன்ஸ் அனுப்பட்டுங்களா?"

ஆம்புலன்ஸைத் தடுத்து நிறுத்துவதற்குள் சிங்காரவேலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தலையணை உதவாது, மூச்சு விடுகிற ஜீவன் வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. அன்று இரவு ஷிஃப்டில், பெல்ட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற மெஷினை விட்டு ஆப்பரேட்டர் எழுந்து போகக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போட்டால்தான் இவர் எழுந்திருக்கலாம். மெஷினுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். எந்த ஆள் என்பதைப் பற்றி மெஷினுக்கு அக்கறை இல்லை. இருபத்தெட்டு வருடமாகத் தனக்கு ரிலீவர் வராத ஷிஃப்டே இல்லை என்றிருக்க, தூக்கத்துக்கு மட்டும் ஏன் ஒரு ரிலீவர் போடக் கூடாது?

ஆள் நேர் மேல் மாடியிலேயே இருந்தார். ராஜாங்கம். எலெக்ட்ரிக்கல் செக்ஷன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே ஊன்றிப்போனவர். சிங்காரவேலை அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிறவர். அவர் மனைவி விஜயலட்சுமி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை எட்டுக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் வருவார். வீடு பகல் முழுவதும் காலி. இதையெல்லாம்விட முக்கியமாக, ராஜாங்கமும் குறட்டை விடுவார். அவரும் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

"எனக்கு எதுக்குண்ணே அது? நமக்குத்தான் குறட்டையே கிடையாதே!" என்றார் ராஜாங்கம். "எங்க வீட்டுல மூணு வருசமா டெஸ்ட் எடு, டெஸ்ட் எடுன்னு உசுரை வாங்குறா. நான் அசையலையே."

"உனக்கு இல்லப்பா. எனக்காவ. நீ படுத்துத் தூங்கறது எப்பிடியும் தூங்கத்தான் போற. மூக்குல அதையும் மாட்டிகினு தூங்கு. அவ்ளோதான்."

"உங்களுக்காகன்னா சரி. ஆனா ஒண்ணுண்ணே. மெஷின் உங்க பேர்ல வந்திருக்கு. நாளைக்கு ஏதாவது உடைஞ்சா என் தலை உருளும். லாக் புக் போட்டுருவோம். வாங்கும்போது ஒரு கையெழுத்து, குடுக்கும்போது ஒரு கையெழுத்து."

திருட்டு வேலைக்கு ரெஜிஸ்டர் போடுகிறவர்கள் உலகத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். ஷிஃப்ட் வேலை பார்த்தவனுக்குக் கையெழுத்து இல்லாமல் கை மாற்றிக்கொடுக்க வராது. சிங்காரவேலே கடைக்குப் போய் நூற்றிருபது பக்க நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அட்டையில் லாக் புக் என்று எழுதிக் கொடுத்தார். அது ராஜாங்கம் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் குடியேறியது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பேரும் பகலில் தூங்கினால்தானே இது நடக்கும்? அதற்கு இரண்டு பேருக்கும் நைட் ஷிஃப்ட் வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் போதாது, மூன்று மாதமும் வேண்டும். நைட் ஷிஃப்டிலிருந்து தப்பிக்கப் பாட்டிகளை இரண்டு மூன்று தடவை சாகடித்தவர்களையெல்லாம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பார்த்திருக்கிறார். நைட் ஷிஃப்ட் கொடுங்கள் என்று விண்ணப்பத்தோடு வந்து நின்ற இருவரை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு, மனசு மாறுவதற்குள் சடக்கென்று கையெழுத்துப் போட்டார். நாலு மணி நேரம் ஒரு மாஸ்க் போடப் பிடிக்காதவர், அதற்காகத் தொண்ணூறு ராத்திரி கண் விழிக்கத் துணிந்தார். சிங்காரவேல் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

பாக்கி இருந்தது ஆதிலட்சுமி.

"இங்க பாரு. மூணு மாசம் நைட்டு போட்டுட்டான். பகல்ல வூட்ல நீ குக்கர் வெச்சிகினு, மிக்ஸி போட்டுகினு இருந்தா நான் எப்பிடி அந்த மெஷின மாட்டிகினு தூங்கறது? மேல ராஜாங்கம் வூடு அமைதியா இருக்குது. அங்க எடுத்துகினு போயி மாட்டிக்கறன்."

"அப்ப மாட்டிக்கறீங்களா?"

"பின்ன? நீ அவ்ளோ சொன்னப்பறம் மாட்டாம இருப்பனா? நான் என்ன மனுசன் இல்லியா?"

ஆதிலட்சுமி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

பெல்ட் ஓடும் சத்தம் துளி மாறினாலும் எங்கேயோ கோளாறு என்று சிங்காரவேலின் காதுக்குத் தெரிந்துவிடும். மனைவி முதல் வார்த்தையிலேயே சரி என்கிற சத்தம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாளிலிருந்து தூக்கத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. காலையில் இருவரும் ஷிஃப்ட் முடிந்து வருவார்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பியதும், சிங்காரவேல் மெஷினை ஒரு கட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவார். ராஜாங்கம் ரூமுக்குள் மாஸ்க்கோடு படுப்பார். சிங்காரவேல் ஹாலில் பாயைப் போட்டு, ஃபேனுக்கு நேர் கீழே, சுதந்திர மூக்கோடு மல்லாந்துவிடுவார். லாக் புக் இப்படிப் பேசியது:

"8.40. மெஷின் பெறப்பட்டது. மாஸ்க் நல்ல நிலையில். தண்ணீர் அளவு சரி. ராஜாங்கம்."

"2.10. மெஷின் ஒப்படைக்கப்பட்டது. ஓடிய நேரம் ஐந்து மணி இருபது நிமிடம். ஃபில்டர் தட்டி வைக்கப்பட்டது. குறிப்பிடும்படி எதுவும் இல்லை. சிங்காரவேல்."

தினம் ஒரு புதுப் பக்கம். முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இருவருக்கும் கிடையாது. முந்தின ஷிஃப்ட் எழுதியதை அடுத்த ஷிஃப்ட் படித்ததாகச் சுரங்க வரலாற்றிலேயே இல்லை.

பத்தாம் நாள் காயத்ரி போன் செய்தாள்.

"அப்பா! சூப்பர்ப்பா! ரிப்போர்ட் வருது. பத்துக்குப் பத்து. குறட்டை சுத்தமா இல்ல. நீங்க இவ்வளவு ஒழுங்கா போடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"எல்லாம் ஒரு மன உறுதிதான்மா" என்றார் சிங்காரவேல்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆதிலட்சுமி, "உங்கப்பா மாதிரி யாருக்கு வரும்?" என்று போனுக்குக் கேட்கும்படி சொன்னாள். சிங்காரவேல் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் போனது. ராஜாங்கத்திடம் ஒரு மாற்றம் தெரிந்தது. எழுந்ததும் பிடித்துக்கொள்ளும் தலைவலி காணாமல் போனது. இரண்டு மணிக்குத் துள்ளி எழுந்து, செடிக்குத் தண்ணீர் விட்டு, பிளாக்கில் யார் வீட்டு ஃபேன் நின்றிருந்தாலும் கூப்பிடாமலே போய் ரிப்பேர் செய்துகொடுத்தார். பாத்ரூமில் பாடவும் ஆரம்பித்தார். சிங்காரவேலின் மாற்றம் வேறு மாதிரி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு நாள் தலைவாரிக்கொள்ள டூத் பிரஷ்ஷை எடுத்தார். தொடர்ந்து வந்த நைட் ஷிஃப்டும் ஓயாத குறட்டையும் சேர்ந்து அவரைப் பிழிந்துகொண்டிருந்தன.

ஆதிலட்சுமியோ நாளொரு பொலிவாக இருந்தாள். ராத்திரி வீட்டில் குறட்டையும் இல்லை, எண்ணுவதற்கு ஆளும் இல்லை. ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறுக்கு எழுந்தாள். கன்னம்கூட உப்பிவிட்டது.

"என்னாங்க, ரொம்ப வாடிப் போயிட்டீங்க? மெஷினு ஒத்துக்கலியா?" என்று ஒரு நாள் பரிவோடு கேட்டாள்.

"சேச்சே. ரொம்ப நல்லா ஒத்துக்கிச்சி" என்று சொல்லிக்கொண்டே சிங்காரவேல் சாம்பாரில் தயிரை ஊற்றினார்.

தொண்ணூறு நாளும் ஒரு வழியாக முடிந்தன. இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. புது மாஸ்க், புது டியூப், ஒரு கவர் நிறைய ஃபில்டர், கூடவே தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு கடிதம். சிங்காரவேல் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தொண்ணூறு நாள் புரபேஷன் முடிந்தது, இனி மெஷின் பர்மனென்ட். பர்மனென்ட் ஆன பிறகு வேலை செய்கிறாயா என்று எவன் கேட்கப்போகிறான்? மெஷினைப் பரணில் ஏற்றிவிடலாம் என்று ஸ்டூலைத் தேடினார். அப்போது உதவி மையத்துப் பெண் கூப்பிட்டாள்.

"வாழ்த்துக்கள் சார். அடுத்த சப்ளை மூணு மாசம் கழிச்சு வரும். இதே மாதிரி போட்டுட்டு வாங்க."

"இன்னுமா போடணும்? அதான் தொண்ணூறு நாள் ஆயிடிச்சேம்மா!"

"அது மெஷின் குடுக்கறதுக்கு சார். சப்ளைக்கு எப்பவும் கணக்கு உண்டு. நாலு மணி நேரத்துக்குக் கீழ போயிட்டே இருந்தா மெஷினையும் திரும்ப எடுத்துக்குவோம். பாலிசியில அப்படித்தான் இருக்கு."

"எத்தன நாளைக்கும்மா?"

"நீங்க மூச்சு விடற வரைக்கும் சார்" என்றாள் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

பர்மனென்ட் ஆனவனையும் வேலை வாங்குகிற நிர்வாகம் ஒன்று இருக்கிறது என்பதைச் சிங்காரவேல் அன்றுதான் அறிந்தார். போதாக்குறைக்கு, நைட் ஷிஃப்ட் சலுகை முடிந்தது, வரும் வாரத்திலிருந்து எல்லாரையும் போல மாறி மாறி வரவும் என்று இன்சார்ஜ் சொல்லியிருந்தார். இனி ராத்திரியில் ஆதிலட்சுமிக்குப் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். அவள் எண்ணுவாள். எண்ணிவிட்டுப் பெட்டியைக் கட்டுவாள். சிங்காரவேல் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

ராஜாங்கம் வீட்டு மேஜையில் அதே மாதிரி இன்னொரு மெஷின், பாலித்தீன் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

"என்னா இது?"

ராஜாங்கம் கொஞ்சம் நெளிந்தார். "நமக்கும் வந்துருச்சுண்ணே. எங்க வீட்டுல ஸ்கூல் பாலிசி இருக்குல்ல, அதுல. போன மாசம் ரெஸ்ட் நாள்ல புதுச்சேரி போய் டெஸ்ட் எடுத்தேன். மணிக்கு அம்பத்திரண்டு." குரலில் பெருமை தட்டியது. "உங்களவிடப் பதினாலு ஜாஸ்தி."

"உனக்குத்தான் கொறட்டையே கெடையாதே!"

"அது இல்லாம இப்பத் தூங்க முடியலண்ணே. தலைவலி போயிருச்சு. மூஞ்சியப் பாருங்க, எப்படி இருக்கு."

"சரி, நல்லதாப் போச்சு. நீ என் மெஷின வழக்கம் போல போட்டுக்க. ராவுல எடுத்துகினு வரேன். ஆதிலட்சுமிகிட்ட ஏதாச்சும் சொல்லிக்கறேன்."

"போடுறேன். அப்ப இதை யாருண்ணே போடுறது? இதுக்கும் தொண்ணூறு நாள் இருக்கே. நமக்கு இருக்கிறது ஒரு மூக்குதானே?"

சிங்காரவேல் இரண்டு மெஷின்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க மெஷின்தான் எனக்குப் பழகியிருக்கு, நான் அதையே ஓட்டிக்கிறேன்" என்றார் ராஜாங்கம். "நீங்க இதை ஓட்டுங்க. தொண்ணூறு நாள் நான் உங்களுக்கு ரிலீவரா வந்தேன். ஒரு நாள் லேட்டா வந்திருப்பனா? இப்ப உங்க டர்ன்."

ரிலீவருக்குத் திருப்பி ரிலீவ் கொடுக்காதவன் என்ற பெயர் சிங்காரவேலின் சர்வீஸில் கிடையாது. ராஜாங்கத்தின் மெஷின் பறிபோனால், ராஜாங்கம் அவருடையதைப் போடுவதையும் நிறுத்திவிடுவார். அது நின்றால் ஆதிலட்சுமி சென்னையில் இருப்பாள். தட்டில் கேன்டீன் சாம்பார் இருக்கும். மேலும், நிதானமாக யோசித்ததில் ஒரு சட்ட நுணுக்கமும் அகப்பட்டது. அவர் சபதம் செய்தது அந்தக் குழாயைப் பற்றி. இது வேறு குழாய். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறம் என்றாலும் பெயர் ராஜாங்கத்தின் பெயர். தனக்காகப் போட்டால்தானே தோல்வி?

"குடு" என்றார் கம்பீரமாக. "லாக் புக்க எடு."

ராஜாங்கம் ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்துக்கொடுத்தார். போன தடவை எப்படி எழுதினோம் என்று பார்ப்பதற்காகச் சிங்காரவேல் முதல் முறையாக நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். புரட்டிய பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தது. தேதியும் கையெழுத்தும் இருந்தன. அதற்கு முந்தின பக்கத்திலும் இருந்தன. அதற்கும் முந்தின பக்கத்திலும் இருந்தன. மூன்றாம் நாள் பக்கத்தில், அவர் எழுதியதற்குக் கீழே, "கையெழுத்தைத் திருத்திக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தது.

சிங்காரவேல் நிமிர்ந்தார். சமையலறை வாசலில் விஜயலட்சுமி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்பதை யாரும் சிங்காரவேலுக்குச் சொல்லவில்லை.

"டீச்சர்... இது..."

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. கண் முன்னாடி ஒரு நோட்டு இருந்தா எனக்குத் திருத்தாம இருக்க முடியாது."

"அப்ப... ஆதிலட்சுமிக்கு?"

"அக்காவுக்கு ரெண்டாம் நாளே தெரியுமே. காயத்ரி அவங்க போன்லயும் ரிப்போர்ட் வர்ற மாதிரி பண்ணிக் குடுத்திருக்கா. நீங்க சத்தமே இல்லாம தூங்கறீங்கன்னு போன் சொல்லுது. மேலேருந்து உங்க குறட்டை சீலிங்கைப் பிளக்குது. 'இதுல எது நெசம் டீச்சர்?'னு சாயங்காலம் வந்து கேட்டாங்க. ரெண்டு பேருமா இந்த நோட்டைப் படிச்சோம். வெவரமாத்தான் எழுதியிருந்தீங்க."

"தெரிஞ்சிகினா ஒரு வார்த்த கேக்கல?"

"இவரை மூணு வருசமா டெஸ்டுக்குக் கூப்பிட்டு நானும் ஓய்ஞ்சு போயிட்டேன். உங்களுக்காகன்னதும் மறுபேச்சில்லாம மாட்டிக்கிட்டுப் படுக்கறாரு. அக்காதான் சொன்னாங்க. 'கலைக்காதீங்க டீச்சர். ராஜாங்கம் தம்பி மொதல்ல முடிக்கட்டும். அப்பறமா எங்க வூட்டுக்காரர அவருக்கு ரிலீவரா அனுப்பிக்கலாம்'னு."

சிங்காரவேல் ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் ஃபேனைப் பார்த்தார்.

"எனக்கு நேத்துதாண்ணே தெரியும்" என்றார் ராஜாங்கம். "கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இந்த முறை எழுத்து தெளிவாகவே இருந்தது.

அடுத்த வாரம் இருவருக்கும் இரண்டாம் ஷிஃப்ட், ராத்திரி பத்து மணி வரை. முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் ராஜாங்கத்தின் மெஷினைத் தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுத்த சிங்காரவேல், கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணி எட்டரை. வாய் வறண்டிருக்கவில்லை. கண் எரியவில்லை. தலை இருக்கிற இடமே தெரியாமல் லேசாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருப்பது அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதுவும் சரியாக வரவில்லை.

சமையலறையில் ஆதிலட்சுமி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இது ராஜாங்கத்தோட மெஷினு" என்றார் அவர் வாசலில் நின்று. "அவனுக்காவத்தான் மாட்டினேன். என் சபதம் சபதந்தான். ஆமா."

"யாருங்க இல்லன்னா? ராஜாங்கம் தம்பி நேத்து கொறட்டையே வுடாம தூங்கினாருன்னு டீச்சருக்குச் சொல்லிடறேன்."

சிங்காரவேல் காப்பியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். பிறகு டம்ளரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"எண்ணினியா?"

"எண்ண ஆரம்பிச்சேன்." ஆதிலட்சுமி சிரித்தாள். "மூணுக்கு மேல எனக்கே நெனப்பு இல்ல. தூங்கிட்டேன்."

அவருக்கு நெஞ்சை மறுபடியும் என்னவோ செய்தது. இந்தத் தடவை அரை நிமிடத்துக்கு மேலேயே செய்தது. அதை அப்படியே விட்டிருந்தால் அவர் சிங்காரவேல் இல்லை. தொண்டையைச் செருமி, துண்டைத் தோளில் போட்டு, குடும்பத் தலைவரின் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"சரி. ரெண்டு மெஷினும் ஓடுது. ரெண்டு வூட்லயும் மணிக்கணக்கு சரியா போவுது. இனிமேப்பட்டு சென்னைக்குப் போறேன், தனி ரூமு இருக்குதுன்னு என்ன மெரட்டற வேல எல்லாம் வெச்சிக்காத. சொல்லிட்டேன்."

"சென்னைக்கா?" ஆதிலட்சுமி டபராவைக் கழுவிக் கவிழ்த்தாள். "அங்க போயி எவ தூங்கறது? போன தீவாளிக்கு மாப்புள்ள வுட்ட கொறட்டையில மூணு நாளும் நான் கண்ணே மூடல."